கொக்கிக்கு விலை எழுதினால் ஆள் வரமாட்டானா?

“சட்டம் கிட்டம் என்று ஆரம்பித்தால், அப்புறம் நடுச்சாமத்தில் கூப்பிட ஒருத்தனும் இருக்கமாட்டான்.” ஹாலிஎல சந்தியிலோ பதுளை பஸ் தரிப்பிடத்திலோ வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பொலிஸ் அழைப்பில் வந்து வண்டி இழுக்கும் பிரேக்டவுன்காரர்களுக்கு விதிமுறை வேண்டும் என்றால் உடனே கிடைக்கும் பதில் இதுதான். கராஜ்காரர் சொன்னால் வியப்பில்லை. லொறி முதலாளி சொல்வதும் புரிகிறது. அவருக்கு முழுக் காப்புறுதி இருக்கிறது. லீசிங்கில் எடுத்த த்ரீவீலரை ஓட்டுகிற தோட்டத்துப் பையனும் இதையே ஒப்பிக்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கொக்கியில் ஒருநாள் தொங்கப்போவது அவனுடைய வண்டி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இழுவைத் தொழில் தேவையில்லை என்று இங்கே யாரும் வாதாடவில்லை. பேரகலையில் புறப்பட்டு அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை வழியாக வரும் ஏ16 வீதி முடிவது ஹாலிஎலவில். பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை தாண்டி வரும் ஏ5 வீதி அதே இடத்தில் அதனோடு சேர்ந்து, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கிச் செங்கலடி வரைக்கும் போகிறது. மலைநாட்டு மரக்கறி கிழக்குக்கு இறங்கும் பாதை அது. ஒரு லொறி குறுக்கே குடைசாய்ந்து கிடந்தால் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் வரிசை நிற்கும். வீதியில் கிடக்கும் தடையை உரிய நேரத்தில் அகற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பசறைக்காரர்களிடம் போய்க் கேட்க வேண்டும். 2021 மார்ச் 20 ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் 13 ஆம் கட்டைக்குப் பக்கத்தில் பள்ளத்தில் உருண்டது. சரிந்து விழுந்த பாறை அகற்றப்படாமல் அந்த இடத்தில் வீதியைக் குறுக்கிக்கொண்டு கிடந்தது. பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகவே சீக்கிரம் அகற்றத்தான் வேண்டும். அகற்றியதற்கு எவ்வளவு, அகற்றியதை எங்கே வைப்பது, யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

“கூலி பேசித் தீர்க்கிற விஷயத்துக்கு எதற்குச் சட்டம்?” என்பார்கள். பேசித் தீர்க்க இரண்டு பேர் வேண்டும். கரட் விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம், வாங்காமலே வீட்டுக்கும் போகலாம். பொலிஸ் கூப்பிட்ட கொக்கியில் மாட்டிய வண்டியின் சொந்தக்காரனுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. ஆளைத் தெரிந்தெடுத்தது அவன் அல்ல. விலை கேட்டவனும் அவன் அல்ல. பல நேரங்களில் அவன் அந்த இடத்திலேயே இல்லை.

ஒரு சம்பவத்தை வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஐப்பசி மழை. தெமோதரைக்கும் ஹாலிஎலவுக்கும் நடுவில் ஒரு வளைவு. இரவு பத்து மணி தாண்டி ஒரு த்ரீவீலர் சறுக்கிக் கானைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கிவிடுகிறது. ஓட்டியவனுக்கு நெற்றியில் வெட்டு, கை முறிவு. பக்கத்து லயத்து ஆட்கள் டோர்ச் லைட்டோடு ஓடிவந்து 1990க்கு அழைக்கிறார்கள். அம்புலன்ஸ் வருகிறது, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. ஒரு சதம் கேட்பதில்லை. ஏற்றியவர் யார், எத்தனை மணிக்கு, எங்கே ஒப்படைத்தார் என்று எல்லாம் பதிவாகிறது.

பிறகு வண்டியின் முறை. பிரேக்டவுன் லொறி வீதியோரத்தில் நிற்க, ஒருவர் கம்பி வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குகிறார். செருப்பு வழுக்கும், அட்டை ஏறும். வடத்தின் கொக்கியைப் பின் அச்சில் மாட்ட வேண்டும். அவசரத்தில் வண்டியின் சட்டகத்தில் மாட்டிவிட்டால் இழுக்கிற இழுப்பில் உடம்பே கோணிப்போகும். மேலே வின்ச் சுற்றத் தொடங்குகிறது. வடம் விறைக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. அறுந்தால் கால் போகும். முக்கால் மணித்தியாலத்தில் வண்டி வீதிக்கு வருகிறது. இதெல்லாம் இலேசான வேலை என்று நான் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு நல்ல கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் மறுநாள் கையில் கட்டோடு வருகிற பையனிடம் நீட்டப்படுவது என்ன? சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிய ஒரு தொகை. அதில் தூரம் இல்லை, நேரம் இல்லை, எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பது இல்லை. பற்றரி இருந்ததா, ஸ்பெயார் வீல் இருந்ததா, இருக்கைக்கு அடியில் வைத்த லீசிங் தவணைப் பணம் இருந்ததா என்று எழுதிய தாளும் இல்லை. அவனை ஏற்றிப்போன வண்டிக்குப் பதிவேடு இருந்தது. அவன் வண்டியை ஏற்றிப்போனதற்கு இல்லை.

இனி, “மலையில் ஒவ்வொரு விபத்தும் ஒவ்வொரு மாதிரி, எப்படி விலை நிர்ணயிப்பது?” என்ற வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் 2008 ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒழுங்குவிதி எழுதிவிட்டார்கள். பொலிஸ் உத்தரவில் அகற்றப்படும் வாகனத்துக்கு ஒரு கட்டண அட்டவணை. வண்டி வீதியில் நிற்கிறதா, வீதியை விட்டு இறங்கிவிட்டதா? நிமிர்ந்து நிற்கிறதா, கவிழ்ந்து கிடக்கிறதா? எடை மூன்றரை தொன்னுக்குள்ளா, ஏழரைக்குள்ளா, பதினெட்டுக்குள்ளா, அதற்கும் மேலா? பெரிய லொறியானால் சுமையோடு இருக்கிறதா, வெறுமையா? கட்டத்தைப் பார்த்தால் தொகை தெரியும். வீதியில் நிமிர்ந்து நிற்கும் சாதாரணக் காருக்கு அன்று 150 பவுண். 2023 இல் 192 பவுண் ஆக்கினார்கள். வைத்திருக்கும் வாடகை நாளுக்கு 20 பவுண். அது 26 ஆனது. பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கும் பெரிய வண்டிக்குக் கட்டணம் பல மடங்கு. கடினமான வேலைக்குக் கூடுதல் கூலி என்பதும் எழுதி வைத்த விலை என்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? நமக்கு இரவு, மழை, பள்ளத்தின் ஆழம் என்று இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்க வேண்டிவரலாம். சேர்த்தால் போயிற்று.

நம்மூரில் விலை எழுதும் பழக்கம் இல்லாமலும் இல்லை. பஸ் கட்டணம் எழுதித்தான் இருக்கிறது. சிறு தோட்டக்காரர் கொடுக்கும் பச்சைக் கொழுந்துக்கு இன்ன விகிதத்தில் விலை என்று சூத்திரம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் வர்த்தமானியில் வருகிறது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. கொழுந்துக்கும் விலை எழுதி, கொழுந்து பறிக்கிறவளின் கூலிக்கும் எல்லை கட்டியிருக்கிற மாவட்டத்தில், அவள் மகனின் வண்டியை இழுக்கிற கூலி மட்டும் வாய்க்கு வந்தபடி இருக்கட்டுமாம். எத்தனை நாள் பெயர் போட்டால் அந்தத் தொகை சேரும் என்று கணக்குப் பார்க்க அவளுக்குத் தெரியும்.

“விதி போட்டால் ஆள் வரமாட்டான்” என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் எல்லா வாதங்களும் கடைசியில் அதில்தான் போய்ச் சாய்கின்றன. இப்போது ஆள் ஏன் வருகிறான்? சில இழுப்பில் அவனுக்குக் கூலியே கிடைப்பதில்லை. சொந்தக்காரன் பழைய இரும்பு விலைக்கும் பெறாத வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அந்த நட்டத்தைப் பிரேக்டவுன்காரன் அடுத்து அகப்படுகிறவனிடம் வசூலிக்கிறான். இதுதான் இன்றைய பொருளாதாரம். ஒழுங்கான விதி என்றால் அது இரண்டு பக்கமும் கட்டும். பிரேக்டவுன்காரருக்கு இன்ன தொகைக்கு மேல் கேட்காதே என்று சொல்கிற விதி, இன்ன தொகை உனக்கு நிச்சயம், கைவிடப்பட்ட வண்டியானால் ஏலத்தில் முதல் உரிமை உன் கூலிக்கு என்றும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட விதி நேர்மையான தொழிலாளியை ஏன் விரட்டப்போகிறது? விரட்டப்படுவது மற்றவன். அவன் போனால் போகட்டும்.

விதி இல்லாததால் தொழிலே நின்றுபோன ஊரையும் நான் காட்ட முடியும் என்று எழுத ஆசைதான். உண்மை அதைவிடச் சிக்கலானது. பெங்களூரில் விதி இருந்தது. வண்டியைத் தூக்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும், சொந்தக்காரர் வந்துவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. தனியார் இழுவை வண்டிகளில் வந்தவர்கள் அதை மதிக்கவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். 2022 இன் தொடக்கத்தில் இழுவைப் பணியிலிருந்த பொலிஸ்காரர் ஒருவர் மாற்றுத்திறனாளிப் பெண்ணைத் தாக்கிய காணொளி பரவியது. அரசு இழுவையையே நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய ஆகஸ்டில் பூனா நகரில் மோட்டார் சைக்கிளை அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆளோடு சேர்த்துத் தூக்கியதை நாடே பார்த்தது. இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 127 ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது: பத்து மணித்தியாலத்துக்கு மேல் கைவிடப்பட்ட, அல்லது தடைசெய்யப்பட்ட இடத்தில் நிறுத்திய வண்டியைச் சீருடையில் இருக்கும் பொலிஸ் அதிகாரியின் அனுமதியோடு அகற்றலாம். பிரிவு இருந்தும் இந்தக் கூத்து. ஆக, வெறும் விதி போதாது, மீறினால் அழைக்கப்படுவோர் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்படும் என்ற பயமும் வேண்டும். அந்தப் பயம் இல்லாத இடத்தில்தான் தொழில் நின்றது. “விதி தொழிலைக் கொல்லும்” என்கிறவர்களுக்குப் பெங்களூர் சாதகமான சாட்சி அல்ல.

காப்புறுதி கொடுக்குமே என்பது இன்னொரு சமாதானம். யாருக்குக் கொடுக்கும்? சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை. அது நீங்கள் இடித்தவருக்கு. உங்கள் வண்டிக்கு அல்ல. முழுக் காப்புறுதி எடுத்தவருக்கும் இழுவைக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கும், பற்றுச்சீட்டு கேட்பார்கள். சிகரெட் அட்டையை நீட்டினால் கம்பனி சிரிக்கும். பற்றுச்சீட்டு இல்லாத தொழிலில் காப்புறுதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இழுப்பதைவிட வைத்திருப்பது பெரிய கதை. விபத்துக்குள்ளான வண்டியை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்க வேண்டும். வழக்கு என்றால் நீதவான் முன் போக வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவு, பொலிஸ் கைப்பற்றிய பொருளைப் பற்றி உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், உரியவரிடம் ஒப்படைப்பது பற்றி அவர் கட்டளையிட வேண்டும் என்கிறது. “உடனே” என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இடையில் போயா வரும், நீண்ட வாரஇறுதி வரும், பரிசோதகருக்கு வேறு ஊரில் வேலை வரும். பொலிஸ் வளவில் இடம் இல்லாமல் வண்டி தனியார் வளவில் நின்றால் இந்த ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். வண்டிக்காரன் என்ன செய்தான்? காத்திருந்தான். அரசாங்கத்தின் தாமதத்துக்கு அவன் ஏன் வாடகை கொடுக்க வேண்டும்? பரிசோதனைக்காக நிற்கும் நாட்களுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு சதமும் அறவிடக் கூடாது என்ற ஒரே ஒரு வரி விதியில் இருந்தால், பரிசோதனைகள் எவ்வளவு வேகமாக நடக்கத் தொடங்கும் என்று பாருங்கள். மரக்கறி லொறியானால் இன்னும் அவசரம். லீக்ஸும் கோவாவும் நீதிமன்றத் தவணை வரைக்கும் காத்திருக்காது. சுமை வேறு, வண்டி வேறு. சுமையை அன்றைக்கே வேறு வண்டிக்கு மாற்ற விட வேண்டும், கூலி பாக்கி என்று சொல்லிப் பிடித்து வைக்கக் கூடாது. வண்டிக்குள் இருக்கும் மருந்து, பிள்ளையின் புத்தகப் பை, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான்.

வைத்திருந்து விற்றுவிடும் கதை வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நோயாளி ஒருவர் படுக்கையில் கிடந்தபோது, குடியிருப்பு வாகனத் தரிப்பிடத்திலிருந்து அவர் காரை இழுத்துப்போனார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்து மீண்டு காரைத் திருப்பிக் கேட்டும், கொடுக்காமல் அதைக் கைமாற்றிவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போக்குவரத்துச் சேவையில் மாநிலச் சட்டம் தலையிட முடியாது என்று நிறுவனம் வாதாடியது. 2013 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், டான்ஸ் சிட்டி என்று அறியப்படும் அந்த வழக்கில், நீதியரசர்கள் அனைவரும் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள்: இழுத்து முடிந்த பிறகு காரை வைத்திருப்பதும் விற்பதும் போக்குவரத்துச் சேவை ஆகாது. இது பொலிஸ் இழுவை அல்ல, தனியார் நில விவகாரம்தான். ஆனாலும் இழுத்த கூலியையும் வைத்த வாடகையையும் ஒரே மூட்டையாகக் கட்டி நீட்டுகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பை யாராவது படித்துக் காட்டலாம்.

அடுத்தது, யாரைக் கூப்பிடுவது? “பொலிஸுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், நம்பிக்கையானவர்” என்பார்கள். இருக்கலாம். ஹாலிஎல பொலிஸார் மீது நான் எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. நல்ல பொறுப்பதிகாரி இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம், ஏனென்றால் அதிகாரிகள் மாறுவார்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பணப் பெறுமதி இருக்கும் இடத்தில், அந்த அழைப்பை யார் யாருக்கு எடுப்பது என்பது ஒருவரின் விருப்பத்தில் இருந்தால் கைக்கூலிக்குக் கதவு திறந்துதான் இருக்கும். டெட்ராய்ட் மாநகரில் இழுவைத் தொழில் விவகாரத்தில் பணம் வாங்கிய மாநகர சபை உறுப்பினர் அந்திரே ஸ்பைவி 2022 இல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அதே தொழிலை ஒட்டி பொலிஸ் அதிகாரிகளும் மாட்டினார்கள். அதற்குத்தான் சுழற்சிப் பட்டியல் என்ற ஏற்பாடு. தகுதியுள்ள எல்லோர் பெயரும் வரிசையில் இருக்கும், இன்று இவர், அடுத்து அவர். அழைத்த நேரம், வந்த நேரம் தகவல் புத்தகத்தில் பதியப்படும். ஓட்டியவர் சுயநினைவோடு இருந்து, வண்டி வீதியை மறிக்காமலும் இருந்தால், முதலில் அவரே தன் ஆளைக் கூப்பிட நேரம் கொடுக்க வேண்டும். பட்டியலுக்குத் தகுதி என்றால் அதில் கருவியும் அடங்கும். இன்று நம் வீதியில் ஓடும் வெகன் ஆர் மாதிரியான முன்சக்கர இயக்கமுள்ள ஒட்டோ கியர் கார்களை முன்சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பெட்டி நாசமாகும். முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், அல்லது முழுதாகக் கேரியரில் ஏற்ற வேண்டும். கயிறும் தைரியமும் மட்டும் வைத்திருப்பவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

பட்டியலும் கட்டணமும் சிங்களத்தோடு தமிழிலும் பொலிஸ் நிலையச் சுவரில் இருக்க வேண்டும் என்று கேட்டால், “அதெல்லாம் எதற்கு, ஐயாவிடம் கேட்டால் சொல்வார்” என்கிறார்கள். ஹாலிஎல இருமொழி நிர்வாகத்துக்கென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவு. கேட்டால் சொல்வார் என்ற நிலையில் விடுவதானால், கேட்கக் கூச்சப்படுகிறவன்தான் எப்போதும் கூடுதலாகக் கொடுப்பான். இந்த நாட்டில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த அடிப்படையில் இன்னாரை அழைத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தர வேண்டும். விண்ணப்பம் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கொஞ்சம் படித்தவர்கள் வைத்திருக்கும் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது: தனியாரே வேண்டாம், பொலிஸே பிரேக்டவுன் வாங்கட்டும். வாங்கட்டும், மகிழ்ச்சி. ஆனால் பதுளை மாவட்டத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் வின்ச் வைத்த லொறி வரும்வரை காத்திருப்பதென்றால் நமது பேரப்பிள்ளைகளும் காத்திருப்பார்கள். வந்த பிறகும் வைத்திருக்கும் வாடகை, பொருட்பட்டியல், பரிசோதனைத் தாமதம் என்ற பிரச்சினைகள் அப்படியே இருக்கும். லொறி அரசாங்கத்துடையது என்பதால் பற்றரி தானாகத் திரும்பி வராது.

சட்டம் இயற்றுவது யார் என்று கேட்டால் எல்லோரும் கொழும்பைக் காட்டுவார்கள். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். 2019 இல் அதன் காலமும் முடிந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பயனில்லை. தேசிய அளவிலான கட்டண அட்டவணை மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதியாக வர வேண்டும், அது நடக்க நாளாகும். ஆனால் சுழற்சிப் பட்டியலையும் பொருட்பட்டியல் படிவத்தையும் பொலிஸ் தன் உள்ளக அறிவுறுத்தலாலேயே தொடங்கலாம். வண்டிகளை நிறுத்தி வைக்கும் வளவுகள் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கின்றன. தொழில் அனுமதிப்பத்திரம் கொடுக்கும் சபை, பற்றுச்சீட்டு, வாடகை விபரப் பலகை, மழைநீர் தேங்கி நுளம்பு பெருகாத தரை என்று நிபந்தனை போடலாம். 2025 மே மாதத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறி வந்த உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாக வைக்கட்டும். பிரேக்டவுன் வைத்திருப்பவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். பள்ளத்துக்கு எவ்வளவு, இரவுக்கு எவ்வளவு, மழைக்கு எவ்வளவு என்று முதலில் அவர்களே சொல்லட்டும், பிறகு பேரம் பேசலாம்.